வாசகர் கேள்வி பதில்: ‘பேஸ்’ (pace) என்றால் நேரமா, வேகமா, காலடியா?

கேள்வி: காலை நடையின்போது கைபேசிச் செயலி ‘பேஸ் 14:30’ என்று காட்டுகிறது. ஏற்றத்தில் அது 20ஐத் தாண்டிவிடுகிறது. இது வேகமா, நேரமா? அகராதியில் ‘அடி’ என்றும் போட்டிருக்கிறதே?
– வாசகர் ஒருவர், அட்டன்

பதில்: செயலி காட்டுவது நேரம். ஒரு கிலோமீற்றர் நடக்க உங்களுக்கு 14 நிமிடம் 30 செக்கன் பிடிக்கிறது. 60ஐ 14.5ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 4.1 கிலோமீற்றர். எண் குறைந்தால் நடை விரைவு, கூடினால் மந்தம். பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, 16 வந்ததும் முன்னேறிவிட்டதாக மகிழ்கிறார்கள்.

ஏற்றத்தில் எண் எகிறுவது உங்கள் குறையல்ல. ஸ்கொட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: மூன்று மைலுக்கு ஒரு மணித்தியாலம், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணித்தியாலம். நம் அளவில், 100 மீற்றர் உயரம் ஏற ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதல். சமதரையில் 12 நிமிடத்தில் கிலோமீற்றர் நடப்பவர், 100 மீற்றர் ஏறும் 2 கிலோமீற்றர் பாதையில் 34 நிமிடம் எடுப்பார், பேஸ் 17. ஆகவே லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) ஏறும் நடையையும் இறங்கும் நடையையும் தனித்தனியாகப் பதியுங்கள். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறுவது சுமார் 1000 மீற்றர். தூரம் போக, உயரத்துக்கு மட்டுமே ஒன்றரை மணிக்கு மேல் ஒதுக்க வேண்டும்.

செயலியும் பிழைவிடும். தேயிலை மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீபிஎஸ் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டு வளைவை வெட்டிவிடும். தூரம் குறைவதால் பேஸ் எண் வீணாகக் கூடும். தேநீர்க் கடையில் நின்ற நேரமும், ‘தானாக நிறுத்து’ வசதி அணைந்திருந்தால் கணக்கில் ஏறும். கணத்துக்குக் கணம் துள்ளும் எண்ணை விட்டுவிட்டு சராசரியைப் பாருங்கள்.

அகராதியின் ‘அடி’ 12 அங்குல அடியல்ல, காலடி. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் ஒரு எட்டு, சுமார் 75 சென்ரிமீற்றர். ரோமர்களுக்கோ இரண்டு எட்டு சேர்ந்தது ஒரு பேஸ். அப்படி ஆயிரம் சேர்ந்தது அவர்களின் மைல். பாடசாலை மைதானத்தில் 100 மீற்றர் கோடு போட்டிருந்தால், இடது கால் ஊன்றும்போது மட்டும் எண்ணி நடந்து பாருங்கள். பெரும்பாலோருக்கு 60, 70 வரும். பிறகு வேறெங்கும் அத்தனை எண்ணினால் 100 மீற்றர் நடந்ததாகக் கொள்ளலாம். வளைவுப் பாதையில் செயலியை விட இந்த எண்ணிக்கையை நம்பலாம்; ஏற்றத்தில் எட்டு சுருங்குவதால் அங்கே தனியாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட்டில் சொல்லும் ‘பேஸ்’ மட்டும் பந்தின் வேகம்.