ஜப்பானியக் கிட்டார்களிலிருந்து பழைய அமெரிக்கக் கிட்டார்களுக்கு: டர்பனிலிருந்து ஒரு பதில்

கேள்வி: எண்பதுகளின் ஜப்பானியக் கிட்டார்களைத் தேடித் தேடி வாங்கியவர்களில் பலர் இப்போது பழைய அமெரிக்கக் கிட்டார்களின் பக்கம் போய்விடுகிறார்களே, ஏன்? அவை உண்மையிலேயே அவ்வளவு சிறந்தவையா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: இல்லை. வேலைப்பாட்டின் நேர்த்தியையும் சுருதி நிற்கும் உறுதியையும் மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டால், 1980-ஐ ஒட்டி ஜப்பானின் மட்சுமோட்டோவிலும் ஹமமட்சுவிலும் செய்யப்பட்ட நல்ல கிட்டார்கள் அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளிவந்த பலவற்றைவிட மேலானவை. அறுபதுகளின் மலிவான அமெரிக்கக் கிட்டார்கள் அவற்றின் அருகில்கூட வரமாட்டா. இது தெரிந்தேதான் நான் பக்கம் மாறினேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் வளர்ந்தவன். எங்கள் தலைமுறைக்கு ஜப்பானியக் கிட்டாரின் மீது ஏற்பட்ட பற்றில் ரசனைக்கு இருந்த பங்கைவிடப் பொருளாதாரத்துக்கு இருந்த பங்கு அதிகம். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் நாணயமான ராண்ட் ஒன்று ஒரு டாலருக்கும் மேலான மதிப்புடையதாக இருந்தது. 1985 ஆகஸ்ட் 15 அன்று அன்றைய அதிபர் பி. டபிள்யூ. போத்தா எங்கள் நகர மண்டபத்திலேயே நின்று, நிறவெறி ஆட்சியில் சீர்திருத்தத்தை எதிர்பார்த்திருந்த உலகத்துக்கு ஏமாற்றமளித்த அந்த உரையை ஆற்றினார். சில வாரங்களுக்குள் ராண்ட் ஏறத்தாழ 35 அமெரிக்க சென்ட்டுக்கு விழுந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கா பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜப்பானோ 1987-இல் தென்னாப்பிரிக்காவின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளியாகவே ஆகிவிட்டிருந்தது. இந்த அரசியலின் நேர்மை வேறு விஷயம்; கடைச் சுவரில் எங்கள் கைக்கு எட்டும் விலையில் தொங்கியவை யமஹாவும் ஐபனெஸும்தான் என்பதே இங்கே சொல்ல வேண்டியது. எங்கள் பெரியப்பா திருமண வீடுகளில் வாசித்த இசைக்குழுவில் இருந்தவர். டர்பனிலிருந்து புறப்பட்டு அமெரிக்கா சென்ற ‘தி ஃபிளேம்ஸ்’ குழுவின் ரிக்கி ஃபட்டாரும் பிளாண்டி சாப்ளினும் 1972-இல் ‘பீச் பாய்ஸ்’ குழுவிலேயே சேர்ந்துவிட்டதை அவர் எங்களுக்குப் பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவருக்கும் ஃபெண்டர் என்னும் அமெரிக்கக் கிட்டார் இசைத்தட்டு உறைகளில் பார்க்கும் பொருளாகவே இருந்தது.

ஆகவே வேலைக்குச் சேர்ந்ததும் நான் சேகரிக்கத் தொடங்கியவை டோக்காய், கிரெக்கோ, ஜேவி என்று தொடங்கும் வரிசை எண் கொண்ட ஃபெண்டர் ஜப்பான் ஆகியவைதாம். அவற்றின் பின்னணி சுவையானது. லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் தம் நிறுவனத்தை சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். மற்றொரு பெரிய அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சன் 1969-இல் நார்லின் என்று பின்னர் பெயர் பெற்ற குழுமத்தின் கைக்குப் போனது. எழுபதுகளில் இரண்டு நிறுவனங்களும் தங்கள் பழைய அளவுகளிலிருந்து விலகி, கனமான உடல்களையும், ஃபெண்டரானால் அவற்றோடு தடித்த பாலியெஸ்டர் பூச்சையும் மூன்றே திருகுகளால் பூட்டிய கழுத்துகளையும் விற்றுக்கொண்டிருந்தபோது, ஜப்பானியர்கள் ஐம்பதுகளின் கிட்டார்களை அளந்து பார்த்து, அதே வளைவுகளோடு திரும்பச் செய்தார்கள். டோக்காயின் ‘ஸ்பிரிங்கி சவுண்ட்’ கிட்டாரைத் தள்ளி நின்று பார்த்தால், தலைப்பகுதியில் உள்ள எழுத்தின் சுழிப்புகூட ஃபெண்டரின் எழுத்தாகவே தோன்றும். இந்தப் போட்டியைச் சமாளிக்க 1982-இல் ஃபெண்டர் தானே ஜப்பானில் ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கி, 1957, 1962 ஆண்டுகளின் வடிவங்களை மட்சுமோட்டோவின் ஃபூஜிகென் ஆலையில் செய்வித்தது. அதே ஆலைதான் அதற்கு முன்பு கிரெக்கோவையும் ஐபனெஸையும் செய்துகொண்டிருந்தது.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். எழுபதுகளின் எந்த ஜப்பானியக் கிட்டாரையும் ‘வழக்குக் காலக் கிட்டார்’ என்று சொல்லி விலையை ஏற்றும் பழக்கம் விற்பவர்களிடம் இருக்கிறது. உண்மையில் நடந்த வழக்கு ஒன்றுதான்: 1977-இல் நார்லின், ஐபனெஸின் அமெரிக்க விநியோக நிறுவனத்தின் மீது ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் தொடுத்தது, அதுவும் தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது, மறு ஆண்டே சமரசமாக முடிந்தது. டோக்காய்க்கும், பர்னி என்னும் இன்னொரு ஜப்பானியக் கிட்டாருக்கும் அந்த வழக்கில் எந்தத் தொடர்பும் இல்லை.

இனி என் ஈடுபாடு தணிந்த கதை. நல்ல நகலைக் கையில் வைத்திருப்பவன் ஓயாமல் மூலத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறான். இந்த வளைவு 1957-இன் வளைவுதானா, இந்த ரோஸ்வுட் விரல்பலகை 1962 நடுப்பகுதி வரை இருந்ததுபோல அடிப்பக்கம் தட்டையாகத் தடித்திருக்கிறதா அல்லது அதற்குப் பின் வந்ததுபோல வளைந்து மெலிந்திருக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்ட கேள்விகள் எல்லாமே வேறொரு கிட்டாரைப் பற்றியவையாக இருந்தன. ஃபெண்டரின் புகழ்பெற்ற வடிவமான ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒரு ஜேவியை முழுவதும் தெரிந்துகொண்டால் அடுத்த ஜேவியையும் பெரும்பாலும் தெரிந்துகொண்டதாக ஆகிவிடுகிறது. ஆலையின் திறமை அங்கேதான் இருக்கிறது, சேகரிப்பவனின் அலுப்பும் அங்கேதான் தொடங்குகிறது. மறுபுறம், இணைய ஏலங்கள் வந்த பிறகு இவற்றின் விலையும் ஏறிவிட்டது. குறைந்த விலையில் நிறைந்த தரம் என்ற பழைய நியாயம் போன பிறகு, விரும்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. எனக்கு அது கிடைக்கவில்லை.

பழைய அமெரிக்கக் கிட்டாரைத் திறந்து பார்க்கும் அனுபவம் வேறு வகையானது. ஒலியளவுக் குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரில் 3046238 என்று முத்திரை இருக்குமானால், 304 ஸ்டாக்போல் நிறுவனத்தின் எண், 62 ஆண்டு, 38 அந்த ஆண்டின் வாரம். அதை வைத்து அந்தக் கிட்டார் எந்த மாதத்துக்கு முன்பு பிறந்திருக்க முடியாது என்று சொல்லிவிடலாம். 137 என்று தொடங்கினால் அது சிடிஎஸ். ஃபெண்டரின் கழுத்தைப் பூட்டியிருக்கும் நான்கு திருகுகளைக் கழற்றினால் கழுத்தின் அடியில் பென்சிலால் எழுதிய தேதியோ மையால் குத்திய தேதியோ இருக்கும். ஐம்பதுகளின் சில கழுத்துகளில் டி.ஜி. என்ற இரண்டு எழுத்துகளும் இருக்கும். அவை அந்தக் கழுத்தைச் செதுக்கிய தாடியோ கோமஸ் என்னும் தொழிலாளியின் அடையாளம். கிட்டாரை வாசிப்பதோடு படிக்கவும் முடிகிறது என்பது எனக்குக் கிடைத்த புதிய இன்பம்.

இதைவிட முக்கியமானது, அங்கே இரண்டு கிட்டார்கள் ஒன்றாக இருப்பதில்லை என்பது. கிப்சனின் சேத் லவர் வடிவமைத்து 1957-இல் கிட்டார்களில் ஏறிய ஹம்பக்கர் பிக்கப்புகளை, அதாவது கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும், இரைச்சலைத் தடுக்க இரண்டு சுருள்கள் கொண்ட கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றும் இயந்திரம் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தானாக நிற்கும் ஏற்பாடு தொடக்கத்தில் இல்லாததால் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை கூடியும் குறைந்தும் இருக்கும். காந்தமும் அல்நிகோ என்னும் உலோகக் கலவையில் கையில் கிடைத்த வகையாக இருக்கும். இரண்டு சுருள்களின் சுற்று எண்ணிக்கை வேறுபட்டால் இரைச்சலைத் தடுக்கும் திறன் சற்றுக் குறைந்து, உயர் சுரங்களில் ஒரு கூர்மை தலைகாட்டுகிறது. ஜப்பானிய நகல்கள் இந்தச் சராசரியைப் பிடித்தன. சராசரியிலிருந்து விலகியவற்றை விட்டுவிட்டன. எனக்குப் பிடித்ததோ அந்த விலகல்தான்.

இவ்வளவு சொல்வதால் நான் கிப்சனின் 1959 லெஸ் பால் வைத்திருப்பவன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த விலைக்கு டர்பனை ஒட்டிய வசதியான கடற்கரைப் பகுதியான உம்லங்காவில் வீடு வாங்கலாம். நான் போனது சிகாகோவின் ஹார்மனி, நியூ ஜெர்சியின் டேன்எலெக்ட்ரோ ஆகிய மலிவுக் கிட்டார்களின் பக்கம். நேதன் டேனியல் செய்த டேன்எலெக்ட்ரோவில் மரச் சட்டத்தின் மேல் மேசோனைட் என்னும் அழுத்திய நார்ப்பலகை ஒட்டப்பட்டிருக்கும். பிக்கப்பின் உறை உதட்டுச்சாயம் அடைக்கும் உலோகக் குழாய். சியர்ஸ் கடையின் அஞ்சல்வழிப் பட்டியலில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்பதற்காக, அடக்க விலையிலிருந்து பின்னோக்கி யோசித்துச் செய்த பொருள் அது. ஆனால் அந்த உலோகக் குழாயிலிருந்து வரும் தெளிவான, சற்றே கண்ணாடித் தன்மையுள்ள ஒலியை வேறெதிலும் நான் கேட்டதில்லை. ஹார்மனி ராக்கெட்டில் உள்ள டிஆர்மண்ட் பிக்கப்பும் அவ்வாறே: திறந்தால் எளிமை, ஒலித்தால் தனித்துவம். பணத்துக்குத் திண்டாடிய வடிவமைப்பாளர் எடுத்த முடிவுகள் அந்த மரத்தில் அப்படியே தெரிகின்றன. அந்த முடிவுகளோடு எனக்கு ஓர் உறவு ஏற்பட்டுவிட்டது. சிக்கனத்தில் பிறந்த கிட்டார் எங்கள் ஊருக்கும் புதிதல்ல: காலோ என்னும் இசைத்தட்டு நிறுவனம் டர்பனில் செய்த காலோடோன் சாம்பியன்தான் லிவர்பூலில் சிறுவனாக இருந்த ஜான் லென்னன் கையில் முதலில் ஏறிய கிட்டார்களுள் ஒன்று, எங்கள் மாகாணத்தில் மஸ்கண்டி என்னும் ஜூலு நாட்டுப்புற இசையை வாசிக்கும் கலைஞர்களுக்கும் அதுவே பழக்கமான கிட்டார்.

பழைய மரத்தின் மந்திரம், பழைய கிட்டார்களின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு ‘மூச்சு விடுகிறது’ என்றெல்லாம் சொல்லப்படுவதை நான் நம்புவதில்லை. டர்பனின் கோடையில் அந்தப் பூச்சு பிசுபிசுக்கும். மிருகப் பசையில் ஒட்டிய பழைய ஹார்மனியின் கழுத்து ஈரப்பதத்தில் மெல்ல முன்னோக்கிச் சாய்ந்து, கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறும். அதைப் பிரித்து மீண்டும் ஒட்டும் செலவு கிட்டாரின் விலையை எட்டிவிடக்கூடும். அதே அறையில் ஒரு டோக்காய் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும். மேடையில் வாசித்துப் பிழைப்பவர் என்னிடம் கேட்டால் இன்றும் டோக்காயையே சொல்வேன். ஆம்ப்ளிஃபையரும் அமெரிக்கப் பழமையாக வேண்டும் என்று புறப்பட்டால் தொல்லை இன்னும் கூடும்: அது 117 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது, நம் சுவரில் வருவது 230, நடுவில் ஒரு நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இணைத்தால் புகைதான் மிஞ்சும்.

என் ஜப்பானியக் கிட்டார்களில் நான் விற்காதது யமஹா எஸ்ஜி2000. அது 1976-இல் வந்தது. அதற்கு முந்தைய வடிவம் போதிய கனமில்லை என்று கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானா சொன்னதன் பேரில், கழுத்து மரம் உடலின் கடைசி வரை ஓடும்படியும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் அடியில் ஒரு பித்தளைக் கட்டி இருக்கும்படியும் அதை வடிவமைத்தார்கள். அது யாருடைய நகலும் அல்ல. அதனால்தான் அதன் மீது எனக்கு அலுப்பு வரவில்லை. அறுபதுகளின் ஜப்பானியக் கிட்டாரான டெய்ஸ்கோவும் இப்படித்தான். அதன் தங்கத் தகடு பிக்கப்பை அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தம் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பொருத்திக்கொண்ட பிறகு, ஒரு காலத்தில் கேலிக்குரியதாக இருந்த அந்தப் பிக்கப்பை அமெரிக்கர்களே தேடி அலைந்தார்கள். ஆக, ஜப்பானின் மீதல்ல, நகலின் மீதே எனக்கு ஆர்வம் போயிற்று என்று சொல்வது இன்னும் துல்லியமாக இருக்கும்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. அறுபதுகளின் நடுப்பகுதி வரையிலான அமெரிக்கக் கிட்டார்கள் பலவற்றின் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992-இலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில், அதாவது மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2016-இல் நம் ஜோகனஸ்பர்க்கிலேயே நடந்த அதன் மாநாடு மற்ற ரோஸ்வுட் வகைகள் அனைத்தையும் இரண்டாம் இணைப்பில் சேர்த்தது. 2019 நவம்பரிலிருந்து, செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஜப்பானியர்கள் பெரிதும் பயன்படுத்திய இந்திய ஈட்டி மரம் அந்த விலக்கில் அடங்கும், பிரேசில் மரம் அடங்காது. எனவே கடல் கடந்து ஒரு 1962 ஃபெண்டரை வரவழைப்பதற்கு சைட்டீஸ் அனுமதிச் சீட்டும், அது இல்லாவிட்டால் சுங்கத்தில் பறிகொடுக்கும் துணிவும் வேண்டும். மேப்பிள் விரல்பலகை உள்ளதையோ, ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பதையோ தேடுங்கள். வெளியிலிருந்து வருவதற்கு விலையோடு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.