'தி ரோட் ஹோம்' படத்தில் பழைய காலம் கலரிலும் இன்றைய காலம் கறுப்பு வெள்ளையிலும் இருப்பது ஏன்?

வழக்கமாக ஃபிளாஷ்பேக்தானே கறுப்பு வெள்ளையில் வரும்? சீன இயக்குநர் ஜாங் யீமோ 1999இல் எடுத்த இந்தப் படத்தில் அதைத் தலைகீழாக்கிவிட்டார். அப்பா இறந்து மகன் ஊர் திரும்பும் நாட்களுக்கு நிறமே இல்லை, ஏனென்றால் அம்மாவுக்கு நிறமெல்லாம் ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியாரை (பின்னாளில் அவர்தான் அப்பா) தேடித் தேடிப் பார்த்த அந்த வயதோடு நின்றுவிட்டது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

கலர் பகுதியில் இளவயது அம்மாவாக வரும் ஜாங் ஸியியின் சிவப்புச் சட்டையைக் கவனியுங்கள், பிறகு அந்தக் கிண்ணத்தை. வாத்தியாரை அரசியல் விசாரணைக்கு டவுனுக்கு வரச் சொல்லிவிட, அவர் போகும் வண்டியின் பின்னால் காளான் கொழுக்கட்டையோடு அவள் ஓடி விழ, கிண்ணம் உடைகிறது. அவளுடைய கண் தெரியாத அம்மா அதை ஒட்டுப்போடுகிறவரிடம் கொடுக்கிறாள். புதுசே வாங்கலாமே என்கிறார் அவர். ஆனாலும் துளை போட்டு, சின்னச் சின்ன உலோகத் தையல் போட்டுச் சேர்க்கிறார். கேமரா அதையே நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குப் படத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

அப்புறம், கறுப்பு வெள்ளைப் பகுதியில் வீட்டுச் சுவரில் 'டைட்டானிக்' போஸ்டர் இருக்கும். இயக்குநரின் குறும்பு!