டவர் இல்லாத இடத்துக்குப் போகிறீர்கள், அத்தைக்குத் தெரியுமா?

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்கு நான், கணவர், இரண்டு பிள்ளைகள் (11 வயது, 7 வயது) நான்கு பேரும் கொடைக்கானல் மேல்மலையில் ஒரு தங்குமிடத்துக்கு மூன்று ராத்திரிக்குப் பணம் கட்டியிருக்கிறோம். மன்னவனூர் தாண்டிப் பள்ளத்துக்குள் இருக்கிறது. கரண்ட் லைன் கிடையாது, சோலார்தான். போன் டவரும் கிடையாது. பணம் கட்டிய பிறகு இரண்டு பக்கத்துக்கு விதிமுறை அனுப்புகிறார்கள். கெட்டில், ஹேர் டிரையர் கொண்டுவரக் கூடாது. ஆளுக்கு ஒரு வாளி சுடுதண்ணீர். குப்பையைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். சாயங்காலம் ஆறரைக்கு மேல் வெளியே நடக்கக் கூடாது. கழிப்பறையில் பினாயில் ஊற்றக் கூடாது. காசும் கொடுத்துவிட்டு ஹாஸ்டல் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டுமா? இதில் எதையெல்லாம் மறுக்கலாம்? குளிருக்கு என்ன எடுத்துப்போவது? மாமியார் மதுரையில் வீட்டிலேயே இருப்பார். 74 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நாங்கள் வெளியூரில் இருந்தால் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு என் கணவருக்குப் போன் செய்வார். டவர் இல்லை என்று தெரிந்தால் போக வேண்டாம் என்பார், அதனால் சொல்லவில்லை. திரும்பி வந்து ‘மழையில டவர் போயிருச்சு’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் கணவர்.
வாசகி, மதுரை

பதில்: உங்கள் கடிதம் நீளமானது, மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் கெட்டிலுக்கு ஒரு பத்தி இருக்கிறது. வாளித் தண்ணீருக்கு ஒரு பத்தி. போனில் கறாராகப் பேசிய மேனேஜருக்கு ஒன்றரைப் பத்தி. மாமியாருக்கு ஐந்தே வரி, அதுவும் கடைசியில், நாத்தனார் திண்டுக்கல்லில் இருக்கிறார் என்ற தகவலோடு சேர்த்து. எனக்கு அந்த ஐந்து வரிதான் கடிதம்.

விடுமுறைக்கு விடுமுறை இப்படிக் கடிதங்கள் வருகின்றன. ஒரு தடவை மேகமலை, ஒரு தடவை வால்பாறை, ஒரு தடவை கொல்லிமலை. கேட்பதெல்லாம் ஸ்வெட்டரையும் சாப்பாட்டையும் பற்றி. கொஞ்சம் கிளறினால் வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார், அவரிடம் பாதிதான் சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஒரு படி மேலே போய், திரும்பி வந்து சொல்ல வேண்டிய பொய்யைக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டீர்கள். அந்த ராத்திரி மேல்மலையில் மழை பெய்யுமா என்பதுகூட இன்னும் தெரியாது.

அந்த ஒன்பது மணிப் போனைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் அத்தை என்ன பேசுகிறார்? ‘சாப்பிட்டீங்களா, பிள்ளைக தூங்கிருச்சா’ என்று ஒரு நிமிடம் பேசிவிட்டு வைத்துவிடுவார். மகன் நன்றாக இருக்கிறான் என்று அவருக்குத் தெரிகிறது. அம்மா நன்றாக இருக்கிறார் என்று உங்கள் கணவருக்கும் அதே ஒரு நிமிடத்தில்தான் தெரிகிறது. தனியாக இருக்கும் ஒரு வயதானவரைப் பற்றி அந்த வீட்டில் நடக்கும் ஒரே விசாரிப்பு அதுதான், அதையும் அவரேதான் செய்துகொண்டிருக்கிறார்.

முதல் நாள் ஒன்பது மணிக்கு அடிப்பார். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வரும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடிப்பார். அப்புறம் உங்கள் நம்பருக்கு, அப்புறம் திண்டுக்கல்லுக்கு. நாத்தனாருக்கும் விஷயம் தெரியாது, அவரும் பதறுவார். பத்தரை மணிக்குக் கொடைக்கானல் மலைப்பாதையில் வேன் கவிழ்ந்ததாக என்றைக்கோ டிவியில் பார்த்த செய்தி அவர் மனதில் ஓட ஆரம்பிக்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு இது வெறும் மனக்கவலையோடு நிற்காது. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டாகிவிட்டது, பதற்றத்தில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், சர்க்கரை இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், நினைவும் தப்பலாம். நினைவு தப்புவதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கையில் கொடுக்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். உங்கள் வீட்டில் அந்த மூன்று ராத்திரியும் யார் இருப்பார்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

‘மூன்று நாள்தானே’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது மூன்று நாள். எங்கே போனார்கள், எப்போது பேசுவார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு முதல் ராத்திரியே முடியாது. போன் தொல்லை இல்லாத இடத்துக்குப் போக ஆசைப்படுவதில் தப்பு இல்லை. ஓய்வு உங்களுக்கு வேண்டும், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குடும்பஸ்தர்கள் யாருக்கும் எட்டாத இடத்துக்குப் போகும்போது, நமக்குப் பதிலாக யார் இருப்பார்கள் என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வாசல்படி தாண்ட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பெற்றவளிடம் மறைத்து எடுத்துக்கொள்ளும் ஓய்வை நான் ஓய்வு என்று ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும். திரும்பி வந்ததும் அப்பத்தா அவனைத்தான் மடியில் இழுத்து வைத்து ‘என்னடா, ஒரு போனுகூடப் பண்ணல’ என்று கேட்பார். அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பான். அப்போது என்ன செய்வீர்கள்? கண்ணைக் காட்டுவீர்களா? நாளைக்கு நீங்கள் 74 வயதில் ஒன்பது மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இவன் தன் மனைவியிடம் என்ன சொல்வான் என்று அந்த நிமிடத்தில்தான் கற்றுக்கொள்கிறான்.

சரி, நீங்கள் கேட்ட விதிமுறைக்கு வருகிறேன். எதை மறுக்கலாம் என்றால், எதையுமே மறுக்க முடியாது.

கெட்டில் 1,500 வாட். அதைப் பத்து நிமிடம் போட்டால் ஒரு 9 வாட் எல்இடி பல்பு 27 மணி நேரம் எரியும் கரண்ட் தீர்ந்துவிடும். டிசம்பரில் மேல்மலையில் மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் சோலார் தகடு சரியாகச் சார்ஜ் ஏற்றாது. பகலில் பேட்டரியில் சேர்ந்ததுதான் அன்று ராத்திரி எல்லா அறைக்கும். நீங்கள் ஒரு டீக்கு வெந்நீர் வைத்தால் பக்கத்து அறைக்காரர்கள் பாத்ரூமுக்கு இருட்டில் போவார்கள். ஹேர் டிரையருக்கும், தண்ணீருக்குள் போடும் ஹீட்டர் ராடுக்கும் இதேதான். டீ வேண்டுமென்றால் சமையல்கட்டில் கேளுங்கள், விறகடுப்பில் எப்போதும் ஒரு பாத்திரம் சுடுதண்ணீர் கிடக்கும்.

தண்ணீர் ஓடையிலிருந்து பைப் போட்டு எடுப்பது. உங்களுக்குக் கீழேயும் அதே ஓடையை நம்பிப் பூண்டும் காரட்டும் போட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். பழனி மலையின் வடக்குச் சரிவில் இறங்குவது அமராவதிக்குப் போகிறது, தெற்கில் இறங்குவது வைகைக்கு. கழிப்பறைத் தொட்டிக்குள் கழிவை மக்க வைப்பது பாக்டீரியாக்கள். ஒரு பாட்டில் பினாயில் போனால் அவை செத்து, தொட்டி நாறி, அந்தத் தண்ணீர்தான் மண்ணுக்குள் இறங்கும். நாப்கினை உள்ளே போடாதீர்கள், காகிதத்தில் சுருட்டித் தனிப் பையில் போட்டு ஊருக்கு எடுத்து வாருங்கள். அங்கே குப்பை வண்டி வராது. நீங்கள் விட்டுவிட்டு வரும் சிப்ஸ் பாக்கெட்டை யாராவது எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் காட்டுமாடு தின்னும்.

ஆறரை மணி விதியும் அந்தக் காட்டுமாட்டால் வந்ததுதான். அந்தி நேரத்தில்தான் அவை புல்லுக்கு வெளியே வரும். நன்கு வளர்ந்த காளை ஒரு டன் எடையைத் தொடும். மேயும்போது சாதுவாகத்தான் தெரியும். செல்பி எடுக்கப் பக்கத்தில் போனவர்களை முட்டித் தூக்கியிருக்கிறது. டார்ச் ஆளுக்கு ஒன்று வேண்டும், பேட்டரி தனியாக. பிள்ளைகளை முன்னால் ஓட விடாதீர்கள்.

விதிமுறையில் இருக்கிறதோ இல்லையோ, நான் ஒன்று சேர்க்கிறேன், இதை மட்டும் உங்கள் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். குளிருகிறது என்று கரியடுப்பையோ, பார்பிக்யூ தட்டையோ, கங்கு போட்ட சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. கங்கு அணைந்த மாதிரிதான் இருக்கும், கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, இருமல் வராது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானலிலேயே இப்படி உயிர் போயிருக்கிறது. குளிருக்குக் கம்பளி, பருத்தி பனியனுக்கு மேல் ஸ்வெட்டர், ராத்திரிக்குத் தனி சாக்ஸ், பிள்ளைகளுக்கு மங்கி குல்லா போதும். டிசம்பர், ஜனவரியில் அந்தப் பக்கத்தில் விடியற்காலை புல்வெளியில் உறைபனி படியும், அதனால் பகல் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். வழக்கமான மாத்திரைகளை ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலைக்கு மேலே ஆகாது, எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, வண்டி நம்பரோடு முன்பே பதிந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் அந்த மேனேஜரைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். அவர் நேர்மையாகத்தான் நடந்திருக்கிறார். ஒரே குறை, பணம் வாங்குவதற்கு முன்பே அனுப்பியிருக்க வேண்டும். அவருக்குப் போன் போட்டுச் சண்டைக்குப் பதிலாக இவற்றைக் கேளுங்கள். டவர் எங்கே கிடைக்கும்? இப்படிப்பட்ட இடங்களில் ஒரு மேடோ பாறையோ இருக்கும், அதில் ஏறினால் இரண்டு புள்ளி காட்டும். தங்குமிடத்திலிருந்து எத்தனை நிமிட நடை, எந்த கம்பெனி சிம்முக்குக் கிடைக்கிறது? ராத்திரி அவசரம் என்றால் ஊருக்குள் தகவல் கொண்டுபோக யார் இருக்கிறார்கள்? மதுரையிலிருந்து உங்களுக்குச் செய்தி சொல்ல வேண்டுமென்றால் எந்த நம்பருக்கு அடிப்பது? வண்டி அங்கேயே நிற்குமா, இறக்கிவிட்டுப் போய்விடுமா? மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல், வளைவுப் பாதை. 108க்கு அடிக்கவே டவர் வேண்டும். இந்தக் கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியாத இடமாக இருந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, போகாதீர்கள்.

அத்தையையும் கூட்டிப்போகலாமா என்று கேட்பீர்கள். சாலையிலிருந்து இறங்கி நடக்க வேண்டும், ராத்திரி இரண்டு தடவை எழுந்து குளிரில் பாத்ரூம் போக வேண்டும், கழிப்பறை எப்படிப்பட்டது என்று தெரியாது. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஆனாலும் ‘நீங்களும் வர்றீங்களா அத்தை’ என்று ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். வரமாட்டேன் என்று அவரே சொல்லட்டும். கேட்காமலே விட்டுப்போவது வேறு.

திண்டுக்கல்லிலிருந்து நாத்தனார் வந்து தங்க முடியுமா, இல்லை அத்தையை அங்கே கொண்டுபோய் விட முடியுமா என்று முதலில் பேசி முடியுங்கள். கொடைக்கானலுக்கு நீங்கள் ஏறும் வழிக்குத் திண்டுக்கல் ஒன்றும் பெரிய சுற்று இல்லை. இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கும் மிஷின், அதில் செருகும் பட்டி எல்லாம் மூன்று நாளைக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இன்சுலினை அந்த வீட்டு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்குள் போகாமல் கதவுத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். தங்குமிடத்தின் நம்பரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி நாத்தனாரிடம் ஒன்று, அத்தையிடம் ஒன்று கொடுங்கள்.

இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். அவருடைய அம்மா. மருமகள் போய்ச் சொன்னால் மருமகள்தான் மகனை எட்டாத இடத்துக்கு இழுத்துப்போனாள் என்று ஆகும், அந்தப் பழியை அவர் உங்கள் தலையில் கட்டக் கூடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ‘அங்க டவர் கிடையாதும்மா. ஒன்பது மணிக்குப் பேச முடியாது. காலையில பாறைக்கு ஏறிப் போயி நானே அடிக்கிறேன்’ என்று சொல்லட்டும். போக வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார். கோபித்துக்கொண்டு எழுந்து போகவும் செய்யலாம். சாயங்காலம் மறுபடி போய் உட்காரச் சொல்லுங்கள். அப்போதும் மனம் ஒப்பாவிட்டால் மூன்று ராத்திரியை ஒன்றாகக் குறையுங்கள், மிச்ச இரண்டைக் கொடைக்கானல் ஊருக்குள் டவர் கிடைக்கும் இடத்தில் தங்குங்கள்.

காலையில் அந்தப் பாறைக்கு ஏறும்போது மூத்தவனையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.