பொருளாதார நெருக்கடிக்குக் காரணம் ஊழலா, முதலாளித்துவமேதானா?

ஊழலை ஒழித்துவிட்டால் நெருக்கடியே வராது என்பவர்களிடம் நான் ஐஸ்லாந்து கதையைத்தான் சொல்வேன். 2005இல், நாடுகளின் ஊழலை அளக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் பட்டியலில் உலகிலேயே ஊழல் குறைந்த நாடு அதுதான். மூன்றே வருஷம். 2008 அக்டோபரில் கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்று மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. அப்போது சுமார் 3.2 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில், வங்கிகளின் சொத்துக் கணக்கு மட்டும் நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு!

அதற்கு முந்தைய வருஷங்களில், விலைவாசியை அடக்க அந்நாட்டு மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. அந்த வட்டிக்கு ஆசைப்பட்டு வெளிநாட்டுப் பணம் கொட்டியது, அந்நாட்டு நாணயமான குரோனாவின் மதிப்பு ஏறியது. உள்ளூர்க்காரர் என்ன செய்வார்? குரோனாவில் கடன் வாங்கினால் வட்டி கட்டி மாளாது. வட்டி குறைந்த ஜப்பான் யென், சுவிஸ் பிராங்க் கணக்கில் வாங்கினால் தவணை பாதி. காருக்கும் வீட்டுக்கும் அப்படியே வாங்கினார்கள். குரோனா சரிந்ததும் யென் கடன்காரரின் பாக்கி இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. காரை விற்றாலும் கடன் தீராது. (இப்படிக் குரோனாக் கடனை அந்நியச் செலாவணி மதிப்போடு இணைத்தது சட்டப்படி செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதே 2010இல்தான்.) லஞ்சத்துக்கு இதில் எங்கே இடம்?

நானும் ஒரு வங்கியின் கடன் பிரிவில் சில வருஷம் குப்பை கொட்டியவன். ஃபைலைப் புரட்டும்போதே தெரிந்துவிடும், இந்த மனுஷனால் தவணை கட்ட முடியாது என்று. திருப்பி அனுப்பினால் எதிர்த்த வங்கியில் சாயங்காலத்துக்குள் சாங்ஷன். மாசக் கடைசியில் டார்கெட் எங்கே என்று மேனேஜர் என்னைத்தான் குடைவார். கையெழுத்துப் போட்டேன். யாரும் ஒரு பைசா வாங்கவில்லை.

ஐஸ்லாந்தில் திருட்டே இல்லையா என்றால், இருந்தது. தங்கள் பங்கு விலையைத் தாங்களே தூக்கிப் பிடித்ததற்காக வங்கித் தலைகள் சிலர் ஜெயிலுக்கே போனார்கள். ஆனால் ஏன் தூக்கிப் பிடித்தார்கள்? பங்கு விழுந்தால் அடுத்த கடன் கிடைக்காது, அது கிடைக்காவிட்டால் பழைய கடனை அடைக்க முடியாது. கழுத்து நெரிபட்ட பிறகு செய்த தில்லுமுல்லு அது. கயிறு அதற்கு முன்பே மாட்டியாகிவிட்டது.

சோவியத்தில் மட்டும் நெருக்கடி இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். அது வேறு நோய். அங்கே கியூ இருக்கும், கடையில் சரக்கு இருக்காது. இங்கே, முதலாளித்துவத்தில், சரக்கு குவிந்திருக்கும், கட்டி முடித்த வீடு பூட்டிக் கிடக்கும், வாங்குகிறவன் கையில்தான் காசு இருக்காது.