கேப் 10-ஆ, 11-ஆ? பென்சில்வேனியாவுக்குப் புதிதாகப் போன தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைக் கோத்தகிரியில் அம்மா வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். லீவில் வந்து பத்து நாள் ஆகிறது, அதில் ஒன்பது நாள் மழை. நீங்கள் அருவங்காட்டிலிருந்து பென்சில்வேனியா போய் எட்டு மாதம். ஆபீஸ் நண்பர் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்க் கருமருந்துத் துப்பாக்கி பழக்கிவிட்டார், அவருடைய பழைய .50 காலிபர் ரைஃபிளையே வாங்கவும் யோசிக்கிறீர்கள். ஆனால் குதிரை, அதாவது சுத்தியல் மாதிரி வந்து அடிக்கும் பாகம், முதல் தடவை விழும்போது கேப் (அடி பட்டால் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கும் குட்டிச் செம்புத் தொப்பி) வெடிப்பதில்லை, இரண்டாவது அடிக்குத்தான் வெடிக்கிறது. கேப் அளவில் 10 வாங்கணுமா, 11-ஆ, அதிகச் சூடு தரும் மேக்னமா? ஊரில் பெரியப்பாவின் நாட்டுத் துப்பாக்கிக்கும் ஒரு டப்பா கொண்டு வரலாமா? இவ்வளவுதானே.

முதலில் விசா. H-1B போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு. குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கி அந்தச் சட்டத்தின் கணக்கில் பெரும்பாலும் 'துப்பாக்கி'யே இல்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். குழலை மாற்றினால் சாதாரணத் தோட்டா போடக்கூடிய மாடல்களுக்கும் அந்தச் சலுகை கிடையாது. காசு கொடுக்கும் முன் உங்கள் விசா வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும்போது இதில் அசட்டை வேண்டாம்.

இப்போது கேப். முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாவதில் வெடிக்கிறது என்றால் கேப்பில் கோளாறு இருப்பது அபூர்வம். அது நிப்பிளின் மேல், அதாவது கேப்பை மாட்டும் துளையுள்ள சின்னக் குமிழின் மேல், முழுசாக உட்காரவில்லை. முதல் அடி அதைக் கீழே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகிறது, இரண்டாவது அடிதான் உள்ளே இருக்கும் மருந்தை நசுக்குகிறது. எனக்கு இது புரிய இரண்டு சீசன் ஆயிற்று. கம்பெனி மாற்றினேன், மேக்னம் வாங்கினேன், குதிரையின் ஸ்பிரிங்கைத் திட்டினேன். கடைசியில் ரேஞ்சில் ஒரு கிழவர், வெடிக்காத கேப்பை நகத்தால் நெம்பி எடுத்துக் காட்டினார். நிப்பிளின் நுனிக்கும் கேப்பின் அடிக்கும் நடுவே இடைவெளி. பென்சில் பருமனில் ஒரு மரக்குச்சியைக் கொடுத்து, "இதால் அழுத்து" என்றார். அன்றைக்கு முப்பது குண்டும் முதல் அடியில் போயின.

அதனால் நீங்களும் குச்சியில் ஆரம்பியுங்கள். குதிரையால் அழுத்தி உட்கார வைக்கிறவர்கள் உண்டு, அதை மட்டும் பழகாதீர்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால்தான் நம்பர் பக்கம் போகணும். ஒரு கம்பெனியின் 11 இன்னொன்றின் 11 மாதிரி இருக்காது. சிசிஐ 11, ரெமிங்டன் 10, ஆர்டபிள்யூஎஸ் 1075 மூன்றிலும் ஒவ்வொரு சின்ன டப்பா வாங்கி, மருந்தும் குண்டும் போடாத காலித் துப்பாக்கியின் நிப்பிளில் மாட்டிப் பாருங்கள். கட்டைவிரல் அழுத்தத்தில் அடிவரை இறங்கணும், துப்பாக்கியைக் கவிழ்த்தால் விழக்கூடாது. தளர்ந்த கேப்பை விரலால் லேசாக நசுக்கி இறுக்கமாக மாட்டுவது பழைய தந்திரம். ரைஃபிளில் எப்படியோ ஓட்டிவிடலாம், ரிவால்வரில் நான் செய்ய மாட்டேன், உருளையில் பக்கத்து மருந்தறையும் பற்றிக்கொள்ள அதுவும் ஒரு வழி என்பார்கள். விளிம்பு விரிந்த தொப்பி மாதிரிப் பெரிய கேப் ஒன்றும் கடையில் தொங்கும். அது மஸ்கெட் கேப், 1857-இல் கொழுப்புத் தோட்டாவால் பேர் கெட்ட என்ஃபீல்ட் ரகத்துக்கானது. உங்களுக்கு வேண்டாம்.

மூன்றும் ஒத்துவரவில்லையா, நிப்பிளை மாற்றுங்கள். இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். அமெரிக்க ரைஃபிள் சிலவற்றில் நிப்பிளின் திருகு கால் அங்குலம், அங்குலத்துக்கு 28 புரி. இத்தாலி, ஸ்பெயின் சரக்கில் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் புரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒன்றில் மற்றதைத் திணித்தால் புரி தேய்ந்து போச்சு. கையால் சுலபமாக இறங்காததை ஸ்பேனரால் இறக்காதீர்கள்.

மேக்னம் தேவையா என்றால், அசல் கருமருந்துக்குத் தேவையில்லை, அது பொறி பட்டாலே பிடிக்கும். பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்து சற்று அதிகச் சூடு கேட்கும், அங்கே மேக்னம் உதவும். அருவங்காட்டுப் பிள்ளைக்கு ஒன்றைத் தனியாகச் சொல்லணும்: நம்ம ஊர்க் கார்டைட் ஃபாக்டரியின் மருந்து புகையில்லா ஜாதி. அந்த ஜாதி மருந்து ஒரு சிட்டிகைகூட இந்தக் குழலுக்குள் போகக்கூடாது. குழல் பிளந்துவிடும்.

காலையில் முதல் குண்டு கெட்டிக்கும் முன், காலித் துப்பாக்கியில் இரண்டு கேப் வெடியுங்கள். குழல் வாயைப் புல்லுக்குக் கிட்டே பிடித்தால் புல் அசையணும். அசையவில்லை என்றால் வழியில் எண்ணெய் நிற்கிறது. பிறகு மருந்து, துணி, குண்டு. கேப் எப்போதும் கடைசியில், சுடும் இடத்தில் நின்று, வாய் இலக்கைப் பார்த்திருக்கும்போது. கேப் வெடித்தும் குண்டு போகவில்லையென்றால் அசையாமல் ஒரு முழு நிமிஷம் அப்படியே பிடித்திருங்கள், தாமதமாகவும் பற்றும். செம்புத் துணுக்கு பறக்கும், கண்ணாடி கட்டாயம். அன்று மாலையே சோப்புப் போட்ட வெந்நீரில் கழுவிவிடுங்கள். ஐப்பசியில் நம் வீட்டு உப்பு ஜாடி எப்படிக் கசியுமோ, கருமருந்துக் கரி அப்படி ஈரம் இழுக்கும்.

வேட்டை ஆசை இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு பென்சில்வேனியாவில் வரும் கருமருந்து மான் சீசன், கேப் இல்லாமல் கல் பொறியில் வெடிக்கும் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மட்டும். 1800-களின் தொடக்கத்தில் பிறந்த கேப் அவர்களுக்கு இன்னும் புதுசு! உங்களுக்கு அக்டோபர் சீசன்தான்.

பெரியப்பா விஷயம். கொண்டு வராதீர்கள். கேப் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. நம் 1959 ஆயுதச் சட்டத்தில் கேப்பும் தோட்டா வகையில்தான் சேரும். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் அவரிடம் இருக்கிறதென்றால் லைசென்ஸ் உள்ள கடையில் அவரே வாங்கிக்கொள்வார். நான் ஒருமுறை ஊருக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி, கோட்டுப் பையின் தூசிக்குள் இரண்டு கேப்பைக் கண்டுபிடித்து வெலவெலத்துப் போனேன். அந்தக் கோட்டு இப்போது ரேஞ்சுக்கு மட்டும்.

ஏதாவது கொண்டுவந்தே ஆகணும் என்றால் நல்ல காதுமூடி ஒன்று வாங்கி வாருங்கள். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பன்றி விரட்ட வெறும் மருந்து வெடித்த என் தாத்தா அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. கடைசிக் காலத்தில் அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.