ஒண்டும் செய்ய ஏலாத நேரத்துல துஆ கேட்டு என்ன நடந்தது உங்களுக்கு?

துஆவால, அதாவது அல்லாஹ்கிட்ட கையேந்திக் கேக்கிறதால, நடக்கப்போறது மாறுமா, இல்ல சும்மா மனசு ஆறுதலுக்கா எண்டு கேட்டிருக்கிறீங்க. நான் மார்க்கம் படிச்ச ஆலிம் இல்ல, எங்கட வீட்டுல நடந்தத மட்டும் சொல்றன்.

எங்கட ஊரு இலங்கையில கிழக்குக் கரையில இரிக்கிற சாய்ந்தமருது. வாப்பா ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போறவர். ஒலுவில் ஹார்பர் வாய மணல் மூடினதால வாழைச்சேனையில இருந்துதான் போட்டு (படகு) வெளிக்கிடும், போனா ரெண்டு கிழம, சிலநேரம் அதுக்கு மேலயும் போகும். ஒரு நவம்பர்ல, வாடக்காத்து தொடங்கின நேரம், ரேடியோ செட்டுல "மிஷின் நிண்டுட்டு" எண்டு ஒருக்கா கேட்டதோட சரி, அதுக்குப் பொறகு சத்தமே இல்ல.

உம்மா முதல்ல அழல்ல. மாமாவ எழுப்பி போட்டுக்காரர்ட வீட்டுக்கு அனுப்பினாங்க, விடிஞ்சதும் மீன்பிடி ஆபீஸ், பொலிஸ், நேவி கேம்ப் எண்டு ஓட வச்சாங்க. இனி ஓட இடமில்ல எண்ட பொறகுதான் முசல்லாவ (தொழுற பாய) விரிச்சாங்க. ஒட்டகத்தக் கட்டிட்டு தவக்குல் வை, அதாவது அல்லாஹ்வ நம்பிப் பொறுப்புக் குடு எண்டு திர்மிதி ஹதீஸ் தொகுப்புல வாற நபிமொழிய அவங்க கிதாபுல படிச்சவங்க இல்ல, செஞ்சது அதுதான்.

அலுமாரிக்கு மேல ஒரு பால்மா டின் நிறைய புளியங்கொட்ட, மூத்தம்மாட காலத்துக் கொட்ட, கை பட்டுப் பட்டு மினுங்கும். யூனுஸ் நபி மீன் வயித்துக்குள்ள இருந்து கேட்ட துஆவ ஓதி ஓதி ஒவ்வொரு கொட்டயா இந்தக் குவியல்ல இருந்து அந்தக் குவியலுக்குத் தள்ளுவாங்க. 2004 சுனாமிக்குப் பொறகு கடல் பக்கம் முகமே திருப்பாத மனுசி, அந்த ராத்திரியெல்லாம் கடல் இரையிற சத்தம் கேக்கக் கதவத் திறந்து வச்சிட்டுத்தான் இருந்தாங்க. (கொட்ட எண்ணி ஓதுறது பித்அத், மார்க்கத்துல இல்லாத புதுசு எண்டு சண்டைக்கு வாறவங்க கொமெண்டுல வேணாம், அந்த விரலுகளுக்கு ஒரு வேல தேவப்பட்டது.)

பொறகு அழுதாங்க, நல்லா அழுதாங்க. யஃகூப் நபி மகன நெனச்சுக் கண்ணு வெளுக்குமட்டும் கவலப்பட்டது குர்ஆனிலயே இரிக்கி, என்ட துக்கத்த அல்லாஹ்கிட்டதான் முறையிடுறன் எண்டு அவர் சொல்றதும் அங்கதான் வருது. அதால அழுதா தவக்குல் இல்ல எண்டு சொல்றவங்கள நான் கணக்கெடுக்கிறதில்ல.

11ம் நாள் வேற ஒரு போட்டு கட்டி இழுத்துட்டு வந்தது. வாப்பா கறுத்து, உதடு வெடிச்சு, மழத்தண்ணியும் பச்ச மீனும் திண்டு உயிரோட வந்தார். இதோட நிப்பாட்டினா நல்ல கத. ஆனா அதே கிழம போன இன்னொரு போட்டுல எங்கட ஒழுங்கையில ஒருத்தர் இருந்தார், அந்தப் போட்டு இண்டைக்கும் வரல்ல. அவங்கட வீட்டுலயும் இதே துஆதான் ஓதினாங்க, எங்கள விடக் கூட ஓதினாங்க. உம்மாட துஆ ஏறிச்சு, அவங்கட ஏறல்ல எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

வாப்பா வந்த மூணாம் நாள் மஃரிப் தொழுதுட்டு உம்மா அந்த டின்ன முந்தானைக்குள்ள வச்சுக்கொண்டு அவங்கட வீட்டுக்குப் போனாங்க. இஷா பாங்கு சொல்லியும் வரல்ல எண்டு கூப்பிடப் போனன், ரெண்டு பேரும் ஒரே பாயில இருந்து ஒண்டும் கதைக்காம கொட்ட தள்ளிக்கொண்டு இருந்தாங்க, நான் வாசல்லயே நிண்டுட்டன். டின் இப்பவும் அவங்கட வீட்டுலதான் இரிக்கி.