வெளிநாட்டில் வேலை செய்யும் சாதாரணத் தொழிலாளர்களை ஏன் பணயக் கைதியாகப் பிடிக்கிறார்கள்? அவர்களை மீட்க அரசு பணிந்து போகலாமா?

2002 முதல் 2009 வரை குவைத்தில், மினா அப்துல்லா பக்கம் ஒரு டிரெய்லர் யார்டில் டைம்கீப்பராக இருந்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, யார் ஓட்டினார், எப்போது திரும்பினார் என்று எழுதி வைக்கிற வேலை. 2003 மார்ச்சில் ஈராக் போர் தொடங்கிய பிறகு அந்த நோட்டில் அடிக்கடி ஒரு ஊர்ப்பெயர் வர ஆரம்பித்தது: அப்தலி. குவைத்தின் வடக்கு எல்லை. அதைத் தாண்டினால் ஈராக்.

இந்தக் கேள்விக்கு அந்த நோட்டை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

ஏன் சாதாரணத் தொழிலாளி? முதல் காரணம் ரொம்ப எளிது. அமெரிக்க ராணுவம் ஈராக்கில் குடித்த தண்ணீர், தின்ற சாப்பாடு, எரித்த டீசலில் பெரும்பங்கு குவைத்திலிருந்து சாலை வழியாகத்தான் போனது. சிப்பாய் போனால் கவச வண்டியில் போவார். சரக்கை ஏற்றிக்கொண்டு போனவர் இந்தியர், பாகிஸ்தானி, எகிப்தியர், கென்யர், பிலிப்பைன்ஸ்காரர். அவர்களுக்கு முன்கண்ணாடியில் கம்பி வலை, அவ்வளவுதான். ராணுவத்தோடு மோதுவதைவிட ராணுவத்துக்குச் சோறு கொண்டுபோகிறவரைப் பிடிப்பது சுலபம். பத்து ஓட்டுநரைப் பயமுறுத்தினால் ஆயிரம் பேர் ஸ்டியரிங்கைத் தொடத் தயங்குவார்கள்.

இரண்டாவது, கேமரா. ஓட்டுநரை உட்கார வைத்து அவர் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் அது ஒரு நாட்டின் விஷயமாகிவிடுகிறது. அவரை அங்கே அனுப்பியது ஒரு ஏஜெண்டும் ஒரு கம்பெனியும். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் பிரதமர். இந்தக் கணக்கு கடத்துகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் யார்டில் ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தம்பி. பாக்தாத் பக்கம் டிரிப் விழுந்தால், விடியற்காலையில் டாஷ்போர்டில் இருக்கும் சமயபுரத்தாள் படத்தை எடுத்துத் துண்டில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைப்பார். அந்த இடத்தில் ஒரு அரபி ஸ்டிக்கரை ஒட்டுவார். "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா தம்பி, புள்ளைங்களுக்காகத்தானே" என்பார். கிளம்பும் முன் அவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். அரபியிலும் இங்கிலீஷிலும் இருக்கும். சொந்த விருப்பத்தில் ஈராக் போகிறேன், அங்கே எனக்கு எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்பது அதன் சாரம். தாளை நீட்டியது நான். அவர் தமிழில் கையெழுத்துப் போடுவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கேட்டிருந்தாலும் மறுத்திருக்க முடியுமா? பாஸ்போர்ட் மந்தூப்பின், அதாவது கம்பெனிக்காக விசா, அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவரின், அலமாரியில். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ஈராக் டிரிப்புக்குத் தனிக்காசு. இரண்டு டிரிப் போனால் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் வந்துவிடும். 'சொந்த விருப்பம்' என்பது இதுதான்.

2004 ஏப்ரலிலிருந்து கடத்தல் செய்தி வராத வாரமே இல்லை என்று ஆகிவிட்டது. அரசுகள் என்ன செய்தன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் அரசியல் புரியும்.

ஜூனில் கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார்கள். தென்கொரியா கூடுதலாக அனுப்பவிருந்த படையை அனுப்பக் கூடாது என்பது நிபந்தனை. கொரிய அரசு மறுத்தது. ஜூன் 22ல் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஜூலையில் பல்கேரிய லாரி ஓட்டுநர்கள் இருவர். பல்கேரியாவும் இறங்கி வரவில்லை. இருவரும் உயிரோடு திரும்பவில்லை.

அதே ஜூலையில் ஈராக்கின் ஃபலூஜா நகர் அருகே பிலிப்பைன்ஸ் ஓட்டுநர் ஒருவர் சிக்கினார். எட்டுப் பிள்ளைகளின் தகப்பன். ஈராக்கில் அப்போது பிலிப்பைன்ஸ் படை என்று இருந்ததே சுமார் 50 பேர்தான், அவர்களும் ஆகஸ்டில் ஊர் திரும்ப வேண்டியவர்கள். அதிபர் அர்ரோயோ அவர்களை ஒரு மாதம் முன்னதாகவே அழைத்துக்கொண்டார். ஜூலை 20ல் ஓட்டுநர் விடுதலையானார். அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கடுங்கோபம்.

அர்ரோயோ ஏன் பணிந்தார் என்பதற்கு அந்த நாட்டின் கதை தெரிய வேண்டும். பிலிப்பைன்ஸ் மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் வெளிநாட்டில். அவர்கள் 2004ல் வங்கி வழியாக அனுப்பிய பணம் மட்டும் சுமார் 850 கோடி டாலர். 1995ல் சிங்கப்பூரில் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணைத் தூக்கில் போட்டபோது, அரசு காப்பாற்றத் தவறிவிட்டது என்று நாடே தெருவுக்கு வந்தது, வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார், வெளிநாட்டுத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று அந்த ஆண்டே தனிச் சட்டம் வந்தது. அர்ரோயோவோ 2004 மேயில் மிக நெருக்கமான தேர்தலில் ஜெயித்து, மறுபடி பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகாதவர். அந்த ஓட்டுநர் கொல்லப்பட்டிருந்தால் அவர் ஆட்சி ஆட்டம் கண்டிருக்கும். இதை அரசியல் கணக்கு என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. கணக்காகவே இருக்கட்டும். எட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பன் கிடைத்தான். தொழிலாளிக்குப் பயப்படுகிற அரசு அமைவது சின்ன விஷயமில்லை.

"பணிந்தால் கடத்தல் பெருகும்" என்ற வாதத்துக்கு வருகிறேன். பிலிப்பைன்ஸ்காரர் விடுதலையான மறுநாளே, ஜூலை 21ல், குவைத் நிறுவனம் ஒன்றின் ஏழு ஓட்டுநர்கள் கடத்தப்பட்ட செய்தி வந்தது: மூன்று இந்தியர், மூன்று கென்யர், ஒரு எகிப்தியர். பார்த்தீர்களா என்று எல்லோரும் பிலிப்பைன்ஸ் அரசைக் கை காட்டினார்கள். ஆனால் கொரியா ஜூனிலேயே மறுத்துவிட்டதே, ஜூலையில் கடத்தல் குறைந்ததா? மறுத்தாலும் பிடித்தார்கள், கொடுத்தாலும் பிடித்தார்கள். சாலையில் லாரியும் அதில் பாதுகாப்பில்லாத ஆளும் இருக்கிற வரை பிடிப்பார்கள். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பணிந்து போகலாம். வீராப்புக்கு விலை கொடுப்பவர் வேறு ஒருவராக இருக்கும்போது வீராப்புப் பேச யாருக்கும் உரிமையில்லை.

மூன்று இந்தியர் விஷயத்தில் எங்கள் யார்டே ஆடிப்போனது. இந்தியா ஈராக்குக்குப் படை அனுப்பவே இல்லை. 2003 ஏப்ரலில் நாடாளுமன்றம் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஜூலையில் அமெரிக்கா கேட்டும் அரசு படை அனுப்ப மறுத்தது. அதனால் இந்தியனைத் தொடமாட்டார்கள் என்று நாங்கள் மெஸ்ஸில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம். பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினால் போதும், 'ஹிந்தி' (அரபியில் இந்தியன்) என்றால் விட்டுவிடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லியிருக்கிறோம். கடத்தியவர்கள் முதலில் கேட்டதே, அந்தக் கம்பெனி ஈராக்கைவிட்டுப் போக வேண்டும் என்பது. அப்புறம் சிறையிலிருக்கும் ஈராக்கியரை விடு, ஃபலூஜாவில் செத்தவர்களுக்கு நஷ்டஈடு கொடு என்று நீண்டது. இந்தியாவிடம் திரும்பப் பெற ஒரு சிப்பாய்கூட இல்லை. வெளியுறவுத் துறை இணையமைச்சர் இ. அகமது டெல்லியிலிருந்து முயன்றார், அரபு நாடுகளை நன்கறிந்த தூதர் தல்மிஸ் அகமதை பாக்தாதுக்கு அனுப்பினார்கள், ஒரு பழங்குடித் தலைவர் நடுவில் இருந்து பேசினார். ஆறு வாரம் இழுத்தது. அந்த ஆறு வாரமும் ஜெயங்கொண்டத்து அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டார். "யார்டுல இருக்கேன்னு சொல்லிடு தம்பி" என்பார். சில நாள் உண்மையாகவே யார்டில் இருந்தார். சில நாள் இல்லை.

செப்டம்பர் 1ல் ஏழு பேரும் விடுதலை. மெஸ்ஸில் டிவியில் பெயர் ஓடியதும் நாங்கள் தட்டைத் தட்டிக் கொண்டாடினோம். பாத்திரம் கழுவுகிற இடத்தில் இரண்டு நேபாளப் பையன்கள் கையில் ஈரத்தோடு சேனல் மாறட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்கள். எங்களுக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. முந்தின நாள்தான், ஆகஸ்ட் 31ல், ஈராக்கில் பிடிபட்ட 12 நேபாளத் தொழிலாளர்களையும் கொன்ற வீடியோ வெளியாகியிருந்தது. ரிமோட்டை அவர்கள் கையில் கொடுத்தோம். அதே நேரம் காத்மாண்டு எரிந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் மேன்பவர் ஆபீஸ்களை உடைத்தார்கள். மசூதியையும் தாக்கினார்கள். அந்த ஊர் முஸ்லிம்களுக்கும் ஈராக்கில் நடந்ததற்கும் என்ன சம்பந்தம்? கோபம் போக வேண்டிய இடம் தெரியாவிட்டால் இப்படித்தான் பக்கத்து வீட்டின்மேல் பாய்கிறது.

நேபாளம் ஈராக்குக்குப் படை அனுப்பவில்லை. பாக்தாதில் தூதரகமும் இல்லை. உள்நாட்டில் மாவோயிஸ்டுகளோடு சண்டை. அந்தப் பன்னிரண்டு பேரில் பலர் ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்று நம்பி ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் என்று பிறகு வழக்கில் சொல்லப்பட்டது. அம்மானில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பாதுகாப்பு இல்லாமல் கார்களில் ஏற்றி, ஈராக்கிலிருந்த அமெரிக்க விமானதளத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்க ராணுவம் ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்த வேலை, அது ஜோர்டான் கம்பெனிக்குக் கைமாறி, காத்மாண்டு ஏஜெண்டு வரை வந்தது. குடும்பங்கள் 2008ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. மேலே இருந்த அமெரிக்க நிறுவனம் தப்பித்துக்கொண்டது; சம்பவம் அமெரிக்க மண்ணில் நடக்கவில்லை, அன்றைக்கிருந்த சட்டம் அங்கே செல்லாது என்று 2017ல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பானது.

குரல் எட்டுகிறவருக்கும் எட்டாதவருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை 2014ல் நம் நாட்டிலேயே பார்த்தோம். ஐஎஸ் படை ஈராக்கில் புகுந்தபோது திக்ரித்தில் 46 நர்ஸ்கள் மாட்டினார்கள், பெரும்பாலும் கேரளப் பெண்கள், ஒருவர் தூத்துக்குடி. அவர்களிடம் போன் இருந்தது, டிவிக்காரர்களோடு பேச முடிந்தது, கேரள முதல்வர் உம்மன் சாண்டி டெல்லியில் போய் உட்கார்ந்தார். ஜூலை 5ல் கொச்சியில் இறங்கினார்கள். மோசூலில் சிக்கிய 39 கட்டுமானத் தொழிலாளர்கள் பஞ்சாப், இமாச்சல், பீகார், வங்கத்துக்காரர்கள். தப்பித்து வந்த ஒருவர், எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துச் சுட்டுவிட்டார்கள் என்று சொன்னார். அரசு அவரை நம்பவில்லை, நாட்டையும் நம்பவிடவில்லை. உயிரோடு இருக்கிறார்கள் என்றே குடும்பங்களுக்குச் சொல்லி வந்தது. 2018 மார்ச் 20ல் மாநிலங்களவையில் சுஷ்மா ஸ்வராஜ் 39 பேரும் இறந்துவிட்டதாக அறிவித்தபோது, பல வீடுகள் அதை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டன. மோசூல் அருகே பாதூஷ் என்ற இடத்தில் அவர்களைப் புதைத்த மேட்டைத் தோண்டி, கையில் கிடந்த காப்பு, நீளமான தலைமுடி, டிஎன்ஏ என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து அடையாளம் கண்டார்கள். மீட்க முடியாமல் போனதை என்னால் மன்னிக்க முடிகிறது. நாலு வருஷம் காக்க வைத்ததை முடியவில்லை.

எங்கள் யார்டுக்கே திரும்புகிறேன். கடத்தலுக்குப் பிறகு இந்தியர்கள் ஈராக் போக இந்திய அரசு தடை போட்டது. எங்கள் கம்பெனியும் இந்திய ஓட்டுநர்களை அப்தலி பக்கம் அனுப்புவதை நிறுத்தியது. ஜெயங்கொண்டத்து அண்ணன் சமயபுரத்தாளை மறுபடி டாஷ்போர்டிலேயே வைத்தார். துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் நடுவே ஓட்டினார். 2007ல் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போதும் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் வண்டி நிற்கவில்லை. சரக்கும் நிற்கவில்லை. அந்த 2004 அக்டோபரிலேயே எங்கள் இடத்துக்குப் புது ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள், எங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, எங்களைவிடச் சின்ன நாட்டிலிருந்து. அவர்களுக்கும் அதே தாள்தான். இந்த முறை சூபர்வைசர் வருவதற்குள், எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் வரி வரியாகச் சொன்னேன். இங்கே உங்கள் விருப்பம் என்று எழுதியிருக்கிறது, இங்கே கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறது, போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஒருவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நிழலில் உட்கார்ந்தார். மற்ற மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்: 4.40.